பதினொன்றாம் எண்ணும் ஒரு ‘பா’வும்

இந்த வருடம் முதல் தடவையாக நடுவர் மேசைக்கு வரப்போகும் உங்களிடம் நேரில் நாலு வார்த்தை பேசச் சொல்லி அறக்கட்டளைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. முப்பது வருடம் மேடையில் உட்கார்ந்தவள்தான், ஆனால் கையில் வயலின் இருந்தது. வாயைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். நகரியில் பத்தாவது வரை படித்தவள் எழுதுவது இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடது தோள் ஒத்துழைக்காததால் கச்சேரியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வருடத்தோடு இந்த நடுவர் வேலையையும் விட்டுவிட்டேன். ஏன் விட்டீர்கள் என்று உங்களில் ஒருவர் சித்தூரில் என்னைப் பார்த்தபோது கேட்டார். தோள்வலி என்றேன். மார்க் போடுவதற்குத் தோள் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

மார்க் எப்படிப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. சுருதி, தாளம், ராகம், சாகித்யம், மனோதர்மம் என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து. அதைத் தாளிலேயே அச்சடித்துத் தந்துவிடுவார்கள். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தாளில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப் பார்க்கிறேன். அது என்ன என்று எனக்கே முழுசாகத் தெளியவில்லை.

முதன்முதலில் நடுவராக உட்கார்ந்தபோது வந்த எல்லாருக்கும் எல்லாக் கட்டத்திலும் ஏழு ஏழாகப் போட்டேன். யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்று. பக்கத்திலிருந்த மிருதங்க வித்துவான் என் தாளை எட்டிப் பார்த்தார். சித்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

“இன்னாம்மா இது, எல்லாருக்கும் ஏழு? ஊட்லயே உக்காந்துகினு போட்டு அனுப்சிருக்கலாமே,” என்றார்.

வெட்கமாகிவிட்டது. புதுத் தாள் வாங்கி ஏழுகளை எட்டும் ஆறுமாகப் பிரித்துப் போட்டேன். யாருக்கு எட்டு, யாருக்கு ஆறு என்பதற்குக் காரணம் இருந்ததா என்றால், பாதிப் பேருக்கு இருந்தது. மீதிப் பேரை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இனி போன வருடத்துக் கதை.

திருப்பதியில், வாய்ப்பாட்டுக்கான உதவித்தொகைப் போட்டி. ஒரே ஓர் இடம்தான். ஜெயிப்பவருக்கு மூன்று வருடம் படிப்பும் விடுதியும் அறக்கட்டளைச் செலவு. காலையில் எல்லாரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். மத்தியானம் அதில் ஐந்து பேரைத் திரை இல்லாமல் நேரில் கூப்பிட்டு, பாடியதைப் பற்றிக் கேள்வி கேட்போம். அதற்குப் பிறகு மார்க்கில் மாற்றம் செய்ய வேண்டுமானால் செய்துவிட்டுத் தாளைக் கொடுத்துவிட வேண்டும்.

மேசையில் மூன்று பேர். நடுவில் தலைமை நடுவர் மேடம். இசைக் கல்லூரியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர், இரண்டு பட்டம் வாங்கியவர். அவருக்கு வலது பக்கம் மிருதங்க அண்ணன். இடது பக்கம் நான். மேடம் என்னை ஒரு தடவைகூடக் குறைவாக நடத்தியதில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் பேனாவே குனிந்துகொள்ளும்.

பதினொன்றாம் எண் பெண்குரல். முகாரி ஆலாபனையில் இரண்டாவது வளைவிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவசரமில்லை, காட்டிக்கொள்ளும் எண்ணமில்லை. என் இடது கைவிரல்கள் மேசைக்கடியில் தாமாக அசைந்தன. பிறகு கீர்த்தனை. பிறகு அதில் ஓர் அடியை எடுத்து நிரவல். நிரவல் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அதே ஒரு வரியைச் சொல் மாறாமல், இசையை மட்டும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பப் பாடுவது. அந்தப் பெண் பாடப் பாட வரி விரிந்துகொண்டே போனது. பாடி முடிப்பதற்குள் ஐந்து கட்டத்தையும் நான் நிரப்பிவிட்டேன். சாகித்யத்துக்கு, அதாவது பாட்டின் சொல்லுக்கு, ஒன்பது.

அப்போது அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். மேடம் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து தெலுங்கில் ஒரே வார்த்தை கேட்டார்.

“வின்னாரா?”

கேட்டீர்களா என்று அர்த்தம். எதை என்று எனக்குத் தெரியவில்லை.

“வின்னானு,” என்றேன். கேட்டேன்.

எதைக் கேட்டேன் என்பதை அதற்குப் பிறகு அண்ணன் முணுமுணுத்ததிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அடியில் வருவது ‘பாத’ என்ற தெலுங்குச் சொல். பாதிப்பு என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான ‘பா’ போட்டால் துன்பம் என்று பொருள். பாதம் என்று சொல்லும்போது வருகிற ‘பா’ போட்டால் கால். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. அச்சுப் புத்தகங்களில் எழுத்துக்கு மேலே குட்டியாக எண் போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். கையால் பார்த்து எழுதும் நோட்டுகளில் அந்த எண் விழுந்துவிடும். என் துன்பத்தைத் தீர்க்க மாட்டாயா என்று கேட்க வேண்டிய இடத்தில் இந்தப் பெண், என் காலை எடுத்துவிட மாட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் நிரவலில். இருபது தடவைக்குக் குறையாமல்.

“காலை எட்த்துட்டா மலை எப்டி ஏர்றது? இது இன்னா வேண்டுதல்மா,” என்றார் அண்ணன்.

நான் சிரித்தேன். முன்பே கவனித்தவள்போலச் சிரித்தேன். பிறகு சாகித்யத்தில் போட்டிருந்த ஒன்பதை அடித்து நான்காக்கி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாட்டுக்காரர் அடுத்து எந்த ஸ்வரத்துக்குப் போவார், எங்கே நிற்பார் என்பதிலேயே காது இருக்கும். அவர் சாமியைக் கெஞ்சுகிறாரா, வைகிறாரா என்று முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. பாட்டின் முதல் வார்த்தை தெரியும், அதுவும் அடையாளத்துக்கு. கடைவீதியில், வங்கியில், வாடகை வீட்டுக்காரரிடம் தெலுங்கில் பேசத் தெரியும். அதே தெலுங்கு பாட்டுக்குள் போய்விட்டால் எனக்கு வெறும் சத்தம். சாகித்யக் கட்டத்தில் நான் முதல் வருடம் தவிர எல்லா வருடமும் எட்டோ ஒன்பதோ போட்டுவந்தேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மத்தியானம் புளிசாதப் பொட்டலத்தோடு செயலாளர் வந்து ஐந்து எண்களைச் சொன்னார். நான்காம் எண் முதலில் இருந்தது. பதினொன்று, மூன்றே மார்க் குறைவாக இரண்டாவது. மற்றவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நான்காம் எண் ஒரு பையன் குரல். சுத்தமாக, கணக்காகப் பாடினான் என்பது மட்டும் எனக்கு நினைவிருந்தது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

“துன்னும்மா, மூணு மணிக்குத்தான் டீ,” என்றார் அண்ணன்.

திரை எடுத்தார்கள். நான்காம் எண் திருப்பதிப் பையன், பதினெட்டு வயது. மேடம் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டார். தடங்கல் இல்லாமல் சொன்னான். அடுத்து பதினொன்று வந்தாள். விண்ணப்பத்தை அப்போதுதான் எங்களிடம் தந்தார்கள். வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமம். அப்பா கூலி வேலை. இவள் கம்பெனி வேனில் போய் செல்போன் பாகங்கள் பொருத்தும் வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வயது முடிய இரண்டு மாதம். போட்டிக்கு உச்ச வயது அதுதான். அடுத்த வருடம் என்பது அவளுக்குக் கிடையாது.

மேடம் அந்த அடிக்குப் பொருள் கேட்டார். அவள் நல்ல தெலுங்கில் பதில் சொன்னாள். சுவாமி, என் துன்பத்தைத் தீர்க்கக் கூடாதா என்று கேட்கிறது என்றாள். துன்பம் என்பதற்கு அந்தச் சொல்லையே சொன்னாள், சரியான அழுத்தத்தோடு. என்னைவிடச் சரியாக.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்துகொண்டே ஏன் மாற்றிப் பாடினாய் என்று மேடம் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டபோது, மேடத்தைவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“எங்க சார் அப்டித்தான் சொல்லிக் குட்த்தாருக்கா. அவுருக்குத் தெலுங்கு வராது. நோட்டுல கீறத வெச்சிச் சொல்றாரு. நான் திருத்திப் பாடுனா, சார் பாட்றது தப்புன்னு சொன்னாப்புல ஆய்டும்.”

அவளுடைய ஆசிரியர் தமிழ்நாட்டு எல்லையில் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து கற்றுக்கொடுப்பவராம். அன்றைக்கும் கூட வந்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில், திறந்திருந்த கதவுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. உள்ளே நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. பாடினால் கேட்கும்.

மேடம் யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நிரவலை இப்போது சரியான சொல்லோடு ஒரு தடவை பாடு, நான் மார்க்கை மாற்றுகிறேன் என்றார். அந்தப் பெண் கதவுப் பக்கம் பார்த்தாள்.

“சாரைக் கொஞ்சம் அந்தாண்ட போவச் சொல்ல முடியுமாக்கா?”

நடுவர்கள் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தாழ்வாரத்துக்குப் போய், “இன்னா சார், ரொம்ப நேரமா நின்னுகினே கீறீங்க, வாங்க ஒரு டீ அடிப்போம்,” என்று அந்த ஆசிரியரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மேடம் அவரைத் தடுக்காமல் கதவைச் சாத்தச் சொன்னார்.

அவள் பாடினாள். இந்தத் தடவை நான் சொல்லை மட்டும் கேட்டேன். முதல் சுற்றில் சரி. இரண்டாவதிலும் சரி. ஆனால் காலையில் இருந்த அந்த விரிவு இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம், தெரியாத வீட்டுப் படியில் கால் வைப்பதைப்போல. பிறகு மெல்ல மெல்லச் சூடு பிடித்தது. பிடித்ததும் பழைய ‘பா’ வந்துவிட்டது. அவளே அதை உணர்ந்து நிறுத்தினாள்.

“வந்துட்து மேடம்,” என்றாள். லேசாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவளை அனுப்பிவிட்டு மேடம் தாளை மறுபடி பார்த்தார். போட்டது போட்டபடி இருக்கட்டும் என்றார். ஆசிரியருக்கு மரியாதை வேறு, பாட்டுக்கு மரியாதை வேறு. தெரியாமல் செய்த தப்பைவிடத் தெரிந்து செய்தது பெரியது என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. டீ குடித்துவிட்டு வந்த அண்ணன், இரண்டாம் முறை பாடியதைத் தான் கேட்கவில்லை, கேட்காததுக்கு மார்க்கை மாற்ற முடியாது, தன் தாள் அப்படியே இருக்கட்டும் என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

தாளில் அடித்த ஒன்பதும், பக்கத்தில் நான்கும், என் கையெழுத்தும் இருந்தன. எதை விடுவது? நான்கை விட்டால் பையனுக்கு இடம். ஒன்பதைத் திரும்பப் போட்டால் பெண்ணுக்கு. நான்கு மேடத்துடைய மார்க், என்னுடையது இல்லை. ஒன்பது என்னுடையது, ஆனால் காதில் விழாததற்குப் போட்டது. இரண்டில் எது குறைந்த பொய் என்று பிடிபடவில்லை. யோசித்து முடிவெடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். செயலாளர் தாளின் நுனியைத் தொட்டார். பயத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

“மேடம், காலைல நான் வினலேது.”

காலையில் நான் கேட்கவில்லை. சிரித்தது, திருத்தியது எல்லாம் நீங்கள் கேட்ட பிறகுதான் என்றேன். எனக்குப் பாட்டில் வார்த்தை காதில் விழுவதில்லை என்றேன்.

மேடத்துக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் குழம்பிப்போய், “இத்தனை வருஷமுமா அம்மா?” என்று தமிழிலேயே கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணன் மட்டும், “எனக்குக்கூட அரைகுறைதான். பல்லவி தாண்டுனா நானும் தாளத்தோட போய்டுவேன்,” என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா என்று இன்னும் தெரியவில்லை.

மேடம் ஸ்கேல் கேட்டார். ஐந்து பேருடைய தாளிலும் என் சாகித்யக் கட்டத்தை ஒரே கோடாக அடித்தார். கேட்காதவருடைய மார்க் யாருக்கும் வேண்டாம், உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் என்றார். செயலாளர் மறுபடியும் கூட்டினார். பையனுக்கு என் ஒன்பது போனது, பெண்ணுக்குப் போனது நான்குதான். இப்போது பதினொன்றாம் எண் இரண்டு மார்க் முன்னால் வந்திருந்தாள். மேடம் அதைப் பார்த்தார். எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அறிவித்ததும் அந்தப் பெண் நேராக வெளியே ஓடி ஆசிரியரிடம் சொன்னாள். அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார், எங்கள் பக்கம் பார்த்து. என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. மேடம் அவரிடம் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மேடம் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வந்தது, கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள் என்பதுதான். பக்கத்தில் எத்தனை பெரியவர் உட்கார்ந்திருந்தாலும், உங்கள் படிப்பு எத்தனை சின்னதாக இருந்தாலும், காதில் விழாவிட்டால் விழவில்லை என்று அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். காலையிலேயே சொல்லியிருந்தால் இத்தனை சிக்கல் வந்திருக்காது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் அன்றைய நாள் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

சித்தூர் பஸ்ஸுக்காகக் கேட்டைத் தாண்டி வந்தபோது ஒருவர் என்னை நிறுத்தினார். நான்காம் எண் பையனின் அப்பா. தையல் கடை வைத்திருப்பவராம், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. பையன் கொஞ்சம் தள்ளி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா சண்டைக்கு வரவில்லை. மிகத் தணிவாகத் தெலுங்கில் கேட்டார். சாகித்யத்துக்காக வீட்டில் ஒரு வருடம் உழைத்தார்களாம். ஒவ்வொரு சொல்லையும் தமிழ்க்காரர், கன்னடக்காரர் யார் கேட்டாலும் புரியும்படி பிரித்துப் பிரித்துப் பழகினானாம். எந்தச் சொல்லில் சறுக்கினான் என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா, அடுத்த வருடத்துக்குள் திருத்திவிடுகிறோம் என்றார்.

அவன் சொல்வதை நான் எங்கே கேட்டேன்? பதினொன்றின் தப்பு என் காதில் விழாததுபோலத்தான் இவனுடைய சரியும் விழவில்லை. ஒரு வருடத்து உழைப்புக்கு நான் பழக்கதோஷத்தில் ஒரு ஒன்பது போட்டேன். மேடம் அதையும் கோடு கிழித்துவிட்டார்.

அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தவள்தானே, இன்னொரு தடவை சொல்வது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். பையன் இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தான்.

“ஒக்க மாட்ட கூட தப்பு லேது,” என்றேன். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டு, அம்மா சொல்வதைக் கேளடா, ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையாம் என்று இரண்டு தடவை சொன்னார். பையன் என்னையே பார்த்தான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.